ராணி காரின் பின்கதவு

எங்கள் குடும்பத்தில் ஒரு மகாராணியின் காரில், பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நின்ற ஜனங்களுக்குக் கையசைத்துக்கொண்டே போனவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஏழு வயது. முன்பல் விழுந்திருந்தது. அந்தப் பயணத்தில் என் அத்தையின் கல்யாணம் நின்றுபோனது என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் முக்கியமாகச் சொல்வார்கள். எனக்கு அது ரொம்ப நாள் இரண்டாவது செய்தியாகவே இருந்தது.

அப்பா ஓசூரில், மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டும் டிங்கர் வேலை பார்த்தார். அடிச்சட்டமும் இன்ஜினும் ஒரு கம்பெனியிலிருந்து வரும். கேபினையும் மேல்கட்டையும் இவர்கள் கட்டுவார்கள். ராணி காரும் அப்படிப் பிறந்ததுதான் என்று அப்பா சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. சீமையில் ஒரு கம்பெனி இன்ஜினைச் செய்ய, வேறொரு பட்டறைக்காரர்கள் வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்து ராணிக்காக, அவள் உயரத்துக்கும் அவள் அரண்மனை வழக்கத்துக்கும் ஏற்றபடி, மேல்பாகத்தைக் கையாலேயே கட்டிக் கொடுத்தார்களாம். அதைப்போல இன்னொரு கார் உலகத்தில் கிடையாது. பழைய கார்களைச் சேர்க்கும் பெங்களூர் பணக்காரர் ஒருவர் அதை வாங்கி, துருப்பிடித்த அடித்தகடுகளை மாற்றுவதற்கு இங்கே அனுப்பியிருந்தார். ராணி காராக இருந்தாலும் மலிவான கூலி என்று வந்தால் ஓசூர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே தந்த நிறம், கீழே கருநீலம். டிரைவருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கனமான கண்ணாடிச் சுவர். டிரைவர் பேசுவது ராணிக்குக் கேட்காது, ராணி பேசுவது டிரைவருக்குக் கேட்காது. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் ஒரு குழாயில் வாயை வைத்துப் பேசவேண்டும். அந்தக் குழாய் எப்போதோ இற்றுப் போயிருந்தது. வெளியாள் கண் படாமலிருக்கச் சன்னல்களுக்குப் பட்டுத் திரை. எல்லாவற்றையும்விட வேடிக்கை, பின்கதவுகளுக்கு உட்பக்கம் கைப்பிடியே இல்லை. ராணி தன் கையால் கதவைத் திறக்கமாட்டாள், சேவகன் ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிடுவான் என்றார் அப்பா.

“சேவகன் மறந்துட்டா?” என்று அம்மா கேட்டாள்.

“மறக்கமாட்டான்” என்றார் அப்பா.

அத்தை அன்றைக்கு எங்களோடு வரவில்லை. அப்பாவின் தங்கையான அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், பல்சக்கரங்களை அளந்து பார்த்துத் தேறியதையும் தேறாததையும் பிரித்து வைக்கும் வேலை. அவளை ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பிரிவில் அதுவரை எந்தப் பெண்ணும் இன்சார்ஜ் ஆனதில்லை. அதே மாதம் மத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். மாந்தோப்பு, மாங்கூழ் ஆலையில் பங்கு, எங்களைப்போலவே வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், பெரியவர்களிடம் அடக்கம். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அத்தைக்கு வந்த கஷ்டமே அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்று அவர்கள் ஒரு சீரைப்போலப் பெருமையாகச் சொன்னார்கள். அத்தை தனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார்.

“நீங்க குடுத்த வாக்குக்கு நான் எதுக்குப்பா போய் வாழணும்?” என்று அவள் கேட்டது எனக்கு ஞாபகமிருக்கிறது. தாத்தா காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார். தடை சொல்லக்கூடிய ஒரே ஆள் பெண்கள் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் நான் காலாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா இதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அப்பா கெட்டிக்காரர். தாத்தாவுக்கு எதிரே நின்று அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. தங்கைக்காகப் பேசமுடியாத மனுஷன் தங்கைக்காகக் கார் ஏற்பாடு செய்தார். வேலை முடிந்த வண்டியை எப்படியும் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும், அதைக் கல்யாணத்தன்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று பட்டறை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டார். தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தெருவுக்கே புரியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் தாத்தாவும் அம்மாவும் மற்றவர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பழைய ஸ்பிரிங் தாங்காது, நான் ஓட்டுவேன், பின்னால் பெண்ணும் குழந்தையும் மட்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரெங்கும் ரோஜா. அத்தைக்குச் சந்தன நிறப் பட்டும் தலையில் வெள்ளை வலை முக்காடும். எனக்கு உடம்பை அரிக்கும் வெள்ளைக் கவுன், கையில் பூக்கூடை. வீடியோக்காரர் எங்களுக்கு முன்னால் போன ஆம்னி வேனின் பின்கதவைத் தூக்கிவைத்து, காலைத் தொங்கப்போட்டு எங்களைப் படம் எடுத்துக்கொண்டே போனார். ராணி கார் ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உருண்டது. மாட்டுக்காரர்கள்கூட எங்களுக்காக ஒதுங்கவில்லை, எங்களோடு பேசிக்கொண்டே வந்தார்கள்.

ரயில்வே கேட்டில் ஆம்னி தாண்டிவிட்டது. நாங்கள் தாண்டுவதற்குள் கேட்டைப் போட்டுவிட்டார்கள். அப்பா பிரேக்கை மிதித்தார். அவ்வளவு பெரிய கார் குலுங்காமல் நின்றது. பின்னால் தக்காளி டெம்போ ஒன்று ஒட்டி வந்து நின்றது. திரை போட்ட கார் உள்ளே இட்லிப் பானையைப்போலப் புழுங்கியது. அத்தை கதவின் மேல் கையை ஓடவிட்டாள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.

“என்னா தேடுறீங்க அத்தை?”

“கைப்பிடி.”

“அது இருக்காது. ராணிங்க கதவத் தெறக்கமாட்டாங்க” என்றேன். எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை என்பதில் பெருமை தாங்கவில்லை.

“அப்ப எறங்கணும்னா?”

“சேவகன் வருவான்.”

 அத்தை வளையலால் கண்ணாடிச் சுவரைத் தட்டினாள். அப்பா திரும்பிப் பார்த்து, இறங்கி, சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

“என்னா, குட்டிக்கு ஒண்ணுக்கு வருதா?”

“நான் முன்னாடி வந்து உக்காந்துக்கறேண்ணா.”

“கல்யாணப் பொண்ணு முன்சீட்ல உக்காந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க?”

“பேசட்டும். எனக்கு இங்க மூச்சு முட்டுது.”

அப்பா டெம்போக்காரரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், முன்கதவைத் திறந்துவிட்டார். அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் ஏறினாள். பின்கதவு சாத்தப்பட்டது. நான் தனியானேன். அவ்வளவு அகலமான சீட் முழுக்க எனக்கே கிடைத்தது. அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் ஓசூரில் இருந்திருக்கமுடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை பேசினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அழவில்லை. அதை நான் கவனமாகப் பார்த்தேன், ஏனென்றால் அழுதால் மை கலைந்துவிடும் என்று அம்மா அவளை எச்சரித்திருந்தாள். ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார், அவருக்குப் பின்னாலிருந்தவர்களும் அடித்தார்கள். அப்பா வண்டியை எடுக்கவில்லை. கடைசியில் அத்தையைப் பார்த்து ஏதோ சொன்னார். சின்னதாக, ஒன்றிரண்டு வார்த்தைதான் இருக்கும். அத்தை தலையிலிருந்த வலையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கார் கிளம்பியது. அப்பா சொன்னது என்ன என்று இருவரையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஞாபகமில்லை என்று இருவருமே ஒரேமாதிரி சொல்கிறார்கள்.

கோயில் வாசலில் எங்களைக் கண்டதும் பேண்டு வாத்தியம் முழங்கியது. வெள்ளைக் கோட்டுக்குள் வியர்த்துப்போய் மாப்பிள்ளை படியில் நின்றிருந்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது, அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஜனங்கள் எல்லோருடைய கண்ணும் பின்சன்னலில்தான் இருந்தது. ராணி காரில் டிரைவர் பக்கம் யார் பார்ப்பார்கள்? நான் திரையை ஒதுக்கிக் கையசைத்தேன். பூவாரிப் போட்டார்கள். மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துப்போவதற்காகத் தாத்தா சரிகை வேட்டியில் காத்திருந்தார். கார் வேகம் குறைந்ததும் தாமே முன்வந்து பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

கார் நிற்கவில்லை.

தாத்தா கைப்பிடியை விடாமல் காரோடு நடந்தார். உள்ளே பார்த்தார், நான் மட்டும் இருந்தேன். அப்புறம் முன்சன்னலைப் பார்த்தார். அத்தையும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருவரும் அப்படிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார்கள். பிறகு தாத்தா கையை எடுத்துவிட்டார். அரண்மனைகளில் பெரியவர்கள் காரோடு நடந்துவருவது ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, நான் அவருக்கும் கையசைத்தேன்.

சூளகிரியை நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி என் கதவைத் திறந்தார். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். இன்னைக்கு இல்லை என்றார்.  அத்தை கல்யாணப் பட்டோடு ஓரமாக உட்கார்ந்து எனக்குக் கொய்யாப்பழம் பிட்டுக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஊர் ரொம்ப நாள் ஒரு பையனைத் தேடியது. பெண் ஓடிவிட்டால் எங்கேயாவது ஒரு பையன் இருக்கத்தானே வேண்டும். அகப்படாத கோபத்தில் சிலர் பெங்களூர் கார்க்காரரையே சந்தேகப்பட்டார்கள். அவர் எழுபதைத் தாண்டியவர். அத்தை தோழி வீட்டில் தங்கிக்கொண்டு, எடுத்த லீவை ரத்துசெய்துவிட்டுத் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போனாள். இன்சார்ஜும் ஆனாள். சில வருடம் கழித்துத் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள், அந்தக் கல்யாணத்துக்கு எல்லோரும் ஆட்டோவில் போனோம். அப்பாவோடு தாத்தா அந்தக் கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை. குடும்ப மானத்தை வாங்கிவிட்டான் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டினார்.

ஆனால் அந்தக் கதவு வெளியிலிருந்து திறக்கும். கார் போனது நடக்கிற வேகத்தில். தாத்தா ஒரு அதட்டல் போட்டிருந்தால் அப்பா அங்கேயே நிறுத்தியிருப்பார், அப்பாவின் துணிச்சல் அவ்வளவுதான். தாத்தா அதட்டவில்லை. கூடிநின்றவர்களிடம், “பழைய வண்டி, பிரேக் ஃபெயில் ஆயிடுச்சு” என்று கத்தியிருக்கிறார். ஜீப் எடுத்துக்கொண்டு துரத்தக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்குப் பெங்களூர் ரோட்டைக் காட்டியிருக்கிறார். நாங்கள் போனது கிருஷ்ணகிரி ரோட்டில்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாக்களும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா திரும்பவும் பிரேக் கதையைச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல தாத்தா, பிரேக்கு நல்லாதான் இருந்துச்சு. கேட்டுகிட்ட சூப்பரா நின்னுச்சு” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். வந்தவர்கள் தாத்தாவைப் பார்த்தார்கள்.

தாத்தா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

“கேட்டுல நின்னுச்சு கண்ணு, கோயில்ல நிக்கல. பழைய வண்டிங்க அப்படித்தான்” என்றார்.

தாத்தாவுக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.