வாய் இல்லாத பாதி

அவருடைய வலக் கை சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே இறங்கும். இடக் கை பின்னாலேயே அவற்றைக் கழற்றிக்கொண்டு வரும். வலிப்பை அடக்குவதற்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை சிகிச்சையில் துண்டித்திருந்தார்கள்.

புதுச்சேரிக் கடலோரக் குப்பம் ஒன்றின் மீனவர் அவர். மருத்துவமனைக் கடிதம் இல்லாமல் அவரைப் படகில் ஏற்றக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. அதற்குப் பரிந்துரை எழுத வேண்டியவன், மருத்துவமனையின் சமூகப் பணியாளனான நான். முதல் நாளிலிருந்தே அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை.

பரிசோதனையின்போது, மூளையின் பேச்சறியாத வலப் பாதிக்கு மட்டும் எட்டும்படி, திரையின் இடப்புறத்தில் ஒரு படகின் படம் மின்னி மறைந்தது.

“என்ன பார்த்தீங்க?” என்றார் டாக்டர்.

“ஒண்ணும் தெரியல.”

ஆனால் மனதில் தோன்றுவதைக் காட்டுவதற்காக மேசையில் வைத்திருந்த முகப் படங்களில், பயந்து அலறும் முகத்தை, அந்த வலப் பாதி இயக்கும் அவருடைய இடக் கை எடுத்தது. படகு வந்த ஒவ்வொரு முறையும் அதே முகம். ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“உம் மூஞ்சி மாதிரியே இருந்துச்சு தம்பி, அதான்,” என்றார், சற்றும் தயங்காமல். “நாந்தான் போறேன்னு வாயத் தொறந்து சொல்றேன்ல? கை சொல்றதையா கேப்ப?”

‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“எம் பொழப்புல மண்ணப் போட்டுட்ட. நல்லாருப்பியா நீ?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கோபம் நியாயமானது. அதே மண்டைக்குள் வாயில்லாமல் இருந்த மற்றவர் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.