தளி கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த இரண்டு லென்ஸ்கள்

தை மாதம், ஓசூர் பக்கத்துத் தளி... விடிகாலைக் குளிரில் கேமராவைத் தொட்டாலே விரல் சில்லிட்டுப் போகும். மண்டப வாசலில் சாமந்தி மூட்டை பிரித்த ஈர வாசனை, உள்ளே காப்பி வாசனை. பக்கத்தில் ரத்னா, தூக்கம் போகாத கண்ணோடு லைட் ஸ்டாண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ரத்னாவும் நானும் ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே லைன். பார்ட்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். அவள் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடிக்காரி. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ்.

வார லீவில் கல்யாணம் எடுக்கப் போவோம். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று, ஜூம் இல்லாத 50 லென்ஸ் ஒன்று. அவ்வளவுதான் சொத்து. ஒருத்தி படம் எடுத்தால் இன்னொருத்தி லைட் பிடிப்பாள். மண்டபத்தில் எல்லோரும் எங்களை அக்கா தங்கச்சி என்றே நினைத்தார்கள். நாங்களும் மறுத்ததில்லை.

குடும்பப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஒருமுறை நான் பாயச அண்டாவிலேயே உட்காரப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்... ஒரு நல்ல ஜூம் வாங்காமல் இனி ஆகாது.

இரண்டு லென்ஸ்தான் மனதில் இருந்தன. 24-105, எஃப் ஃபோர். தூரத்தில் நின்றே முகம் வரை இழுக்கலாம், ஆனால் வெளிச்சம் கேட்கும். இன்னொன்று 24-70, டூ பாயிண்ட் எய்ட். அவ்வளவு இழுக்காது, எடையும் கூட, ஆனால் மங்கலான மண்டபத்திலும் படம் தந்துவிடும்.

எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. 24-105 தான். வெளிச்சம் கேட்டால் கேட்கட்டுமே, லைட் பிடிக்கத்தான் ரத்னா இருக்கிறாளே! அதுவும் தூரத்திலிருந்து, பெண்ணின் அம்மா அழுவதை அவர்களுக்கே தெரியாமல் எடுப்பதில் அவளுக்குப் பைத்தியம். அவளும் அதைத்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று பெங்களூரில் இரண்டையும் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரரிடம் கன்னடத்தில் பேசிப் பேசியே வாடகையைக் குறைத்துவிட்டாள் மகராசி.

அந்தத் தளி கல்யாணத்தில் பெண் வீடு தெலுங்கு, மாப்பிள்ளை வீடு கன்னடம். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சாதாரணம். தெலுங்கு வழக்கப்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு திரையைப் பிடிப்பார்கள். சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைத்ததும் திரை இறங்கும். அந்த முதல் பார்வை தவறிவிட்டால் ஆல்பமே வீண்.

அதுவரை நான் 24-105இல் எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் லைட் பிடித்தாள். திரை பிடிக்கும் நேரத்தில் கேமராவை வாங்கி 24-70ஐ மாட்டினாள். நான் லைட்டைத் தூக்கினேன்.

"அத்த ஆஃப் பண்ணிட்டு நீ கீழ போயி உக்காரு" என்றாள்.

லைட்டை அணைத்துவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தேன். திரை இறங்கியது. எடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்து காட்டினாள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் பெண்ணின் கண்கள் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

பந்தியில் உட்கார்ந்ததும் இதையே வாங்கிடலாம் என்றாள். எனக்குக் கோபம். தூரமும் இழுக்காது, கழுத்தும் வலிக்கும், இது எதற்கு என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"லைட்டுதான் நீ புடிக்கறியே, அப்பறம் எதுக்குடி டூ பாயிண்ட் எய்ட்டு?"

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தியா போறப்ப லைட்டு புடிக்க ஆளு இருக்காதுடி. இது இருந்தா நீ சமாளிச்சுக்குவ."

எனக்குப் புரியவில்லை. நான் ஏன் ஒருத்தியாகப் போகிறேன் என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம், பேசி முடித்தாயிற்று. சொல்ல வாய் வரவில்லையாம்... லென்ஸை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாளாம்.

அவள் அன்றைக்குச் சோதித்தது லென்ஸை மட்டுமல்ல. லைட்டை அணைக்கச் சொல்லி, அவள் இல்லாமல் எனக்கு வேலை நடக்குமா என்று பார்த்திருக்கிறாள். அழுதேன். ரசம் ஊற்ற வந்தவர், காரம் போல என்று தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

24-70தான் வாங்கினோம். அதில் நான் முதலில் எடுத்த கல்யாணம் ரத்னாவுடையது. லைட் இல்லை, கூட யாரும் இல்லை. திரை இறங்கியதும் எல்லாப் பெண்களும் மாப்பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். இவள் என்னைப் பார்த்து, "கிடைச்சுதா?" என்று புருவத்தால் கேட்டாள். கிடைத்தது. ஆல்பத்தில் வைக்க மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது ஓசூரில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. லைட் பிடிக்கச் சம்பளத்துக்கு இரண்டு பேர், நன்றாகவே பிடிக்கிறார்கள். பண்டிகைக்கு ரத்னா ஃபோன் செய்வாள். பேச்சில் பாதி கன்னடமாகிவிட்டது. பின்னால் பிள்ளைகள் கத்துவார்கள், "அப்பறம் பேசறன்டி" என்று வைத்துவிடுவாள். அவளோடு ஒரே ஒரு கல்யாணத்துக்காவது மறுபடி போக வேண்டும் போல இருக்கிறது.

இன்றைய கேமராக்கள் இருட்டிலேயே படம் எடுக்கின்றன. ஆனாலும் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று ஃபோனில் கேட்டால், நான் ஒன்றுதான் கேட்பேன். "தனியா போறீங்களா, கூட ஆளு இருக்கா?"

ஃப்ரெண்டு இருக்காங்க அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம் என்பார்கள். அப்படியென்றால் எஃப் ஃபோர் போதும் என்று சொல்லிவிடுவேன்.

ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும்.