வினோலியா வரைந்த கருப்புக் கட்டங்கள்

திண்டுக்கல்லில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக் குட்டும் தெரிந்த ஒரே ஆள் வினோலியா. அவள் இங்கே குடியிருப்பவள்கூட இல்லை, மேட்டுப்பட்டிக்காரி. கேமரா மாட்டுவது அவள் தொழில்.

அவளுடைய அப்பா கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டியவர். வயர் இழுக்க ஆள் வராத ஒரு நாளில் ஏணியில் ஏறியவள், பாலிடெக்னிக் படித்து முடித்த பிறகும் இறங்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் "பொண்ணு ஏணியெல்லாம் ஏறுமாமே?" என்று இழுத்தார்கள். "மாப்பிள்ள ஏறுவாரா?" என்று இவள் கேட்டாள். தனக்கு மொட்டைமாடியில் நின்றாலே தலை சுற்றும் என்று மாப்பிள்ளை ரொனால்டு சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். அந்த ஒரு பதிலுக்காக அவனையே கட்டிக்கொண்டாள். இப்போது அவன் கடையைப் பார்த்துக்கொள்கிறான், இவள் சுவரில் தொங்குகிறாள்.

எங்கள் சங்கச் செயலாளர் இருதயநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் இரண்டு முறை காணாமல் போனதும் கூட்டம் போட்டு, ஒன்றரை மணி நேரம் பேசி, கேமரா தேவை என்று முடிவெடுத்தார். அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது. கிறிஸ்தவ வீடுகளில் ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது. செயலாளரோ அதற்கும் மேலே, தினமும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடு. அதை லிஃப்டுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வினோலியா வந்தாள். கேமராக்களை மாட்டினாள். மீட்டர் அறையில் ரெக்கார்டர் பெட்டியை வைத்து, ஒவ்வொரு கேமராவையும் அதில் சேர்த்து, தேதியும் நேரமும் சரிபார்த்து, எட்டு வீட்டு போனிலும் படம் தெரிகிற மாதிரி செய்தாள். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் விட்டாள்.

"படத்துல எந்த எடத்தையாச்சும் மறைக்கணும்னா சொல்லுங்க. கருப்பா ஒரு கட்டம் போட்டுத் தாரேன்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராக அவளைத் தனியாக ஓரங்கட்டினார்கள். முதலில் வந்தவர் செயலாளர். கீழ்த்தளத்தில் இருக்கும் தன் வீட்டு வாசலை மறைக்கச் சொன்னார். மதியம் அந்த வாசலுக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்து போவது வினோலியாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சுவரில் தொங்குகிறவளுக்கு மூக்கும் இருக்கிறது. இரண்டாம் மாடி விக்னேஷ்குமார் தன் காரை மறைக்கச் சொன்னான். காலையில் ஓடப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் தூங்குகிறவன் அவன். அதே கீழ்த்தளத்தில் இருக்கும் நானும் என் வாசலுக்குக் கேட்டேன். ஏன் என்பதைச் சொல்வதாக இல்லை. ஊரையே கேமராவில் பார்க்க எல்லோருக்கும் ஆசை. தன் வாசல் மட்டும் தெரியக்கூடாது. வினோலியா யாரிடமும் காரணம் கேட்கவில்லை. பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டம் கட்டமாக வரைந்தாள். கடைசியில் கார் நிறுத்துமிடத்துப் படத்தில் பாதி தார் பூசியதுபோல் இருந்தது.

பெரிய வியாழன் அன்று அய்யலூர் சந்தையிலிருந்து ஈஸ்டருக்காக ஆடு வந்தது. நாலு வீடு சேர்ந்து வாங்கியது. கீழே தூணில் கட்டிப்போட்டார்கள். வாட்ச்மேன் நல்லுசாமிதான் தழை வைத்தார். சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர், ஆடு வளர்த்துப் பழகியவர்.

மறுநாள் பெரிய வெள்ளி. மத்தியானம் கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் தூங்கிப்போனேன். அவர்கள் திரும்பி வந்தபோது தூணில் அறுந்த கயிறு மட்டும் இருந்தது.

செயலாளருக்கு விசாரணை என்றால் வெல்லம். "ஆட்டப் பத்தித் தெரிஞ்ச ஆளு இங்க யாரு? நீதானய்யா! கேட்ல இருந்தது யாரு? நீதானய்யா!" என்று நல்லுசாமியைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்.

"மோட்டார் போடப் போனேன் சார். செத்த நேரந்தான். வந்து ரோட்டப் பாத்து உக்காந்துட்டேன், தூணப் பாக்கல" என்றார் நல்லுசாமி. 

"இன்னைக்கு ஆடு வரலேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுப்பேன்."

திருடன் என்று பெயர் வாங்கிய வாட்ச்மேனுக்கு இந்த ஊரில் வேறு எந்த கேட்டில் நாற்காலி போடுவார்கள்?  வினோலியாவுக்கு போன் போட்டேன். அவளும் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். துக்க நாளுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடே வந்துவிட்டாள்.

மீட்டர் அறை வாசலில் எட்டு வீடும் குவிந்தோம். செயலாளரின் மனைவி அல்போன்சா டீச்சர் மட்டும் வரவில்லை. தலைவலி என்று கோயிலிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாராம். ஆனால் அவர் வீட்டில் போட்டிருந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அந்தக் கட்டங்கள எடுத்துட்டுப் போட்டுக் காட்டும்மா" என்றார் செயலாளர், வேறு வழியில்லாமல்.

"பதிஞ்ச படத்துல எடுக்க ஏலாது சார். மறைச்சுப் பதிஞ்சது மறைச்சதுதான்."

எட்டு வீடும் ஒரே நேரத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன்.

படம் ஓடியது. ஆடு கயிற்றை மென்று அறுத்தது. நிதானமாக நடந்து விக்னேஷ்குமாரின் கட்டத்துக்குள் போனது. மறுபக்கம் வெளியே வந்தது. அப்போது நல்லுசாமி வந்து என் வீட்டுக் கட்டத்துக்குள் நுழைந்தார். மோட்டார் ரூம் கதவும் அதற்குள்தான் இருக்கிறது. பின்னாலேயே ஆடும் அதே கட்டத்துக்குள் போனது.

"பாத்தீகளா! ரெண்டும் ஒரே எடத்துல!" என்று செயலாளர் கத்தினார்.

நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அவர் மோட்டார் ரூமில்தான் இருந்தார் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. மறைத்து வைத்தது என் கட்டம். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இருங்க சார், படம் முடியல" என்றாள் வினோலியா.

ஆடு தனியாக வெளியே வந்தது. நேராக நடந்தது. செயலாளரின் கட்டத்துக்குள் நுழைந்தது. அதன்பிறகுதான் நல்லுசாமி என் கட்டத்திலிருந்து வெளியே வந்தார். துண்டில் கையைத் துடைத்தபடி வெறுங்கையோடு கேட்டுக்குப் போனார். வினோலியா படத்தை வேகமாக ஓட்டினாள். கோயிலிலிருந்து கூட்டம் திரும்பி வரும்வரை ஓட்டினாள். செயலாளரின் கட்டத்துக்குள் போன ஆடு வெளியே வரவேயில்லை.

 பாட்டு மட்டும் கேட்டது.

"சார், உங்க வீட்டுப் பாட்டக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் வினோலியா, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. விக்னேஷ்குமார் ஓடிப்போய்ச் சொன்னான். அவன் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பாட்டு நின்றது. செயலாளர் வீட்டுக் குளியலறையிலிருந்து ஆடு கத்தியது.

அல்போன்சா டீச்சர் கையில் அகத்திக்கீரையோடு வெளியே வந்தார். "அதுவா வந்துச்சு. வாசல்ல நின்னு என்னையவே பாத்துச்சு. இன்னைக்கு நாள்ல எப்புடி அறுக்கக் குடுக்குறது? நிலக்கோட்டைல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிரலாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு நல்லுசாமியைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார். "உங்கள நிப்பாட்டி வச்சிருக்காகன்னு எனக்குத் தெரியாதுண்ணே."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி சரி, நல்லுசாமி, மனசுல வச்சுக்காத. போயி கேட்டப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் வினோலியா பதிவை மூடி, இப்போது ஓடுகிற நேரடிப் படத்துக்குப் போய் மவுஸை நாலு தட்டு தட்டினாள். திரையில் எல்லாக் கட்டங்களும் மறைந்தன. அவரவர் வாசலும் காரும் பட்டப்பகல் மாதிரி தெரிந்தன.

"அம்புட்டையும் எடுத்துட்டேன். இனிமே யாருக்குக் கட்டம் வேணுமோ, காரணத்த இங்கனயே எல்லாரு முன்னாடியும் சத்தமாச் சொல்லுங்க. இப்பவே போட்டுத் தாரேன்."

செயலாளர் கூரையைப் பார்த்தார். விக்னேஷ்குமார் தன் செருப்பைப் பார்த்தான். நானும் எங்கேயோ பார்த்தேன்.

"நான் சொல்லலாமாம்மா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நல்லுசாமி.

"சொல்லுங்கண்ணே."

"எட்டு வீட்டு போன்லயும் நான்தான் தெரியுறேன். சோத்துல கைய வச்சாப் போதும், 'என்ன நல்லுசாமி, இன்னைக்கும் தொட்டுக்க வெஞ்சனம் இல்லையா'ன்னு மாடில இருந்து சத்தம் குடுக்குறாக. அந்த நாக்காலிக்கு மட்டும் ஒரு கட்டம் போட்டுத் தாங்கம்மா."

வினோலியாவின் முகத்தில் இருந்த குறும்பு போய்விட்டது. கேட் கேமராவின் படத்தை எடுத்து, நாற்காலியைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தாள். நல்லுசாமி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்கம்மா. தூக்குச்சட்டி வெளிய தெரியுது."

அவள் இறக்கினாள்.