பக்கவிளைவு மானிட்டர் வாங்கினார்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு காகிதம் இருக்கும். நாமெல்லாம் அதைப் பிரிப்பதுகூட இல்லை. ஆனால் அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை மூன்று முறை படிக்கிற மனிதர் ஒருவர் இருந்தார். அவருக்கு அதுதான் வேலை. அச்சகத்துக்கு வரும் மருந்துக் காகிதங்களில் பிழை திருத்துவது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துப் படித்து, உலகத்தில் எதை எடுத்தாலும் 'இதனால் என்ன கெடுதல் வரும்' என்று முதலில் தேடுவது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிற்று. அச்சகத்தில் அவருக்குப் 'பக்கவிளைவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஒரு பொருள் வாங்குவதென்றால் பக்கவிளைவுக்கு மாதக் கணக்கு. குடை வாங்கக் கிளம்பியவர், கம்பி எட்டா பத்தா, துணி எதனால் ஆனது, பிடி வழுக்குமா என்று விசாரித்து முடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் பத்தே நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டார்.

"அன்னிக்கும் ஒரு வாரம் யோசிக்கிறேன்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பாள் அவர் மனைவி.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் கத்தக் கத்த, குறுகலான திருப்பத்தில் ஒரே வெட்டில் வண்டியைத் திருப்புகிற கை. யோசிப்பதற்கு அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கவிளைவு வீட்டில் வேலை பார்க்கிற கணினியின் மானிட்டர், 'டப்' என்று ஒரு சத்தம் போட்டது. மேல்பாதி அப்படியே இருந்தது. கீழ்ப்பாதி முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது.

"புதுசு வாங்கிடுங்க" என்றாள் மனைவி, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே.

"வாங்கணும். என்ன பேனல்னு பாத்துட்டு வாங்கணும்."

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். "போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போகத்தான் செய்தது. முதல் மாதம் முழுக்கப் படிப்பு. திரைக்குள் இருக்கும் பலகைக்குத்தான் பேனல் என்று பெயர், அதில் நான்கு வகை உண்டு என்று கண்டுபிடித்தார். நான்குக்கும் நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'பயன்கள்' என்று இரண்டு வரி, 'பக்க விளைவுகள்' என்று இருபது வரி. ஐ.பி.எஸ். என்றால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டில் மூலைகள் வெளிறித் தெரியும். வி.ஏ. என்றால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். டி.என். வேகமானது, ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாலே நிறம் கெட்டுவிடும். ஓலெட் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஒரே பக்கத்தை நாளெல்லாம் திறந்து வைத்திருந்தால் அதன் தடம் திரையிலேயே தங்கிவிடக்கூடும்.

"நான் நாளெல்லாம் ஒரே பக்கத்தைத்தானே திறந்து வெச்சிருக்கேன்" என்று கவலைப்பட்டு, அதை மட்டும் சிவப்பு மையால் அடித்தார்.

மிச்சம் மூன்று. அங்கேதான் சிக்கல். அந்த வீட்டில் கணினி ஒன்றுதான், ஆனால் அதற்கு உரிமை கொண்டாட நாலு பேர். பகலில் பக்கவிளைவுக்கு எழுத்து கூராகத் தெரிய வேண்டும். மகள் துணிகளுக்கு அச்சு வடிவம் வரையப் படிக்கிறாள். திரையில் இருக்கும் நீலமும் துணியில் விழும் நீலமும் ஒன்றாக இருக்க வேண்டும். மனைவி காலை வண்டியை முடித்துவிட்டு வந்து, திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கி, இடப்பக்கச் சுவரோரம் கிடக்கும் கட்டிலில் படுத்தபடி கொலைப் படம் பார்ப்பாள். அவளுக்குக் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும். ஞாயிறு தோறும் வந்து உட்கார்ந்து கார் பந்தயம் ஆடுகிற மச்சினன் ஒருவன். அவனுக்கு வேகம் வேண்டும்.

"மாமா, டி.என். வாங்குங்க. நான் தோக்கறதெல்லாம் இந்தத் திரையாலதான்" என்றான் மச்சினன்.

"ஆமா மாப்ளே, போன வாரம் சுவத்துல போய் மோதினதும் திரைதான்" என்றார் பக்கவிளைவு.

இரண்டாவது மாதம் அளவெடுப்பு. கட்டிலின் தலையணையிலிருந்து மானிட்டருக்கு நூல் கட்டி, மகளின் பாகைமானியை வைத்து அளந்தார். பக்கவாட்டில் ஐம்பது பாகை, கீழிருந்து இருபது பாகை. நூல் இரண்டு நாள் அப்படியே கிடந்தது. காப்பியோடு வந்த மனைவி அதில் கால் தட்டி விழப் பார்த்தாள். அதற்கப்புறம் நூல் இல்லை.

இதற்கிடையில் வேலை நின்றுவிடவில்லை. படிக்க வேண்டிய வரியை மேலே நகர்த்தி நகர்த்தி, மேல்பாதியிலேயே வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம் அதுவும் அலுத்துப்போய், ஒரு மதியம் சாப்பிட்ட அசதியில், நகர்த்தாமல் இளஞ்சிவப்பிலேயே படித்துவிட்டார். மறுநாள் அச்சக மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஓர் இருமல் மருந்துக் காகிதம்.

"இந்த வரியைப் படிங்க சார்."

பக்கவிளைவு படித்தார். 'குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும்.'

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கால்புள்ளிகூடத் தவறவிட்டதில்லை.

"நல்லவேளை, மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி என் கண்ணுல பட்டுச்சு" என்றார் மேலாளர். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லை. அந்தத் திரை மேலதான் கோவம். வர்ற திங்கக்கிழமை உங்க வீட்டுல புது மானிட்டர் இருக்கணும். இல்லேன்னா இங்கேயே வந்து, அந்தக் காகிதம் வெட்டற மெஷின் பக்கத்துல உக்காந்து வேலை பாருங்க."

காகிதம் வெட்டுகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அதன் இரைச்சலில் பேசுவதை நிறுத்திச் சைகைக்கு மாறியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை நாலு பேரும் கடைக்குப் போனார்கள். நீளமான கடை. ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள் ஒரே கடலையும் ஒரே மீன்களையும் காட்டிக்கொண்டிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனையாளர் ஓடி வந்தார்.

"எதை எடுத்தாலும் சூப்பரா இருக்கும் சார்."

"அப்ப எதுக்கு இத்தனை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் பக்கவிளைவு.

விற்பனையாளருக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பக்கவிளைவு தன் நோட்டை எடுத்தார். ஐ.பி.எஸ். ஒன்றும் வி.ஏ. ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். இரண்டிலும் மீன்களை நிறுத்திவிட்டு முழுக் கறுப்புப் படம் போடச் சொன்னார். அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்கச் சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"என்னங்க, என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கட்டில் உயரத்துலேர்ந்து பாக்கணும்."

"வேணாம். சொன்னாக் கேளுங்க. இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

அதற்குள் அவர் தரையில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். ஐம்பது பாகை, இருபது பாகை. மனைவி நிஜமாகவே நாலு எட்டு தள்ளிப்போய் பிரிண்டர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். மகள் அவள் பின்னாலேயே போனாள். மச்சினன் மட்டும் சூழ்நிலை புரியாமல் நின்றான்.

அரையிருட்டில் ஒரு மனிதர் தரையில் கிடப்பதை, அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரியவர் பார்த்தார். குனிந்து, "ஐயா, என்ன ஆச்சு? என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

பக்கவிளைவின் கவனம் முழுக்க வி.ஏ. மேல் இருந்தது. "கறுப்பெல்லாம் சாம்பலாத் தெரியுது" என்றார்.

"ஐயையோ! கண்ணு மங்குதாம்!"

"இடது பக்கம் ரொம்ப மோசம்" என்றார் பக்கவிளைவு, நோட்டில் குறித்துக்கொள்ளக் கையை அசைத்தபடி.

"இடது பக்கம் இழுக்குதாம்! யாராவது வாங்களேன்!"

கடை திரண்டுவிட்டது. ஒருவர் விளக்கைப் போட்டார். ஒருவர் விசிறினார். விற்பனையாளர் பயந்துபோய் ஒரு தண்ணீர் பாட்டிலை அப்படியே முகத்தில் கவிழ்த்தார். இருமிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தவரை நாலு கைகள் அமுக்கிப் படுக்க வைத்தன. அவருக்கு ஒன்றும் இல்லை, விடுங்கள் என்று மச்சினன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அடுத்த கடை மருந்துக்கடை. யாரோ ஓடிப்போய் அந்தக் கடைக்கார அம்மாவைக் கூட்டி வந்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு மாத்திரை அட்டை.

"தலை சுத்துதா? இதை நாக்குக்கு அடியில வையுங்க."

பக்கவிளைவு அந்த அட்டையைப் பார்த்தார். முகத்தில் தண்ணீர் வழிய வழிய, படுத்தபடியே சொன்னார்:

"இதை நாக்குக்கு அடியில வைக்கக் கூடாதும்மா. முழுசா முழுங்கணும். அதுவும் சாப்பிட்ட பிறகு. ரெண்டாவது பக்கம், மூணாவது பத்தி."

மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவசரத்தில் பக்கத்துத் தட்டிலிருந்த வேறு மாத்திரையை எடுத்து வந்திருந்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லைம்மா. அந்தக் காகிதத்துல பிழை திருத்துறவன்."

"அதை நீங்கதான் திருத்துறீங்களா?" அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடையில கூட்டம் இல்லாதப்ப நான் அதைத்தான் படிப்பேன் சார். இந்தக் கம்பெனிக் காகிதத்துல மட்டும் ஒரு தப்பு இருக்காது. யாரோ பொறுப்பான ஆள்னு நினைச்சுக்குவேன்."

இருபத்திரண்டு வருடமாகப் பக்கவிளைவு, தான் ஒருவன்தான் அதைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். முகம் நனைந்திருந்ததால் கண்ணைத் துடைத்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மனைவிக்கு மட்டும் தெரிந்தது. பிரிண்டர்களை விட்டுவிட்டு வந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "படுத்துப் பாத்தாச்சு இல்ல? எது?"

"அதாவது, வி.ஏ.ல கறுப்பு நேராப் பாத்தா நல்லா..."

"அது வேணாம். நான் ஒண்ணு கேக்கறேன். இது முன்னாடி யாரு எத்தனை மணி நேரம் உக்காருறாங்க?"

"நான் எட்டு மணி நேரம். பாப்பா ரெண்டு மணி நேரம். நீ ஒண்ணரை. மாப்ளே ஞாயித்துக்கிழமை மட்டும்."

"பஸ்ஸுல முப்பத்தொம்பது பிள்ளைங்க பள்ளிக்கூட வாசல்ல இறங்கணும், ஒரு பிள்ளை மட்டும் ஐஸ்கிரீம் கடை வாசல்ல இறங்கணும்னு அழுவுது. நான் எங்க நிறுத்துவேன்?"

"பள்ளிக்கூட வாசல்ல."

"அந்த அழுவுற பிள்ளை நான்தான். எழுத்துக்கும் நிறத்துக்கும் எது நல்லதோ அதை எடுங்க. மூலை வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும்."

"அக்கா, அப்ப என் கார்?" என்றான் மச்சினன்.

"நீ முதல்ல பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு கத்துக்கோ."

ஐ.பி.எஸ். வாங்கினார்கள். மூன்று மாத ஆராய்ச்சி ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. கடைவாசலைத் தாண்டும் வரை விற்பனையாளர் கும்பிட்டுக்கொண்டே வந்தார், திரும்பி வந்துவிடக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் புதுத் திரையில் ஏழு பந்தயம் ஆடினான். ஏழிலும் தோற்றான். திரை மேல் பழி போட வழியில்லாமல், நாற்காலியில் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் வரைந்த நீலப் பூ துணியிலும் அதே நீலமாக விழுந்தது. அவள் அதை அப்பாவின் மேசையில் விரித்து வைத்தாள்.

திங்கட்கிழமை வண்டியை முடித்துவிட்டு வந்த மனைவி, அறையை இருட்டாக்கிப் படம் போட்டாள். மூலைகள் வெளிறத்தான் செய்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கவிளைவால்தான் பொறுக்க முடியவில்லை. எங்கோ படித்த ஞாபகத்தில், மேசை விளக்கைத் தூக்கி மானிட்டருக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்தார். சுவரில் இலேசான வெளிச்சம் பரவியதும் திரையின் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தோன்றியது.

"அட, நல்லாயிருக்கே" என்றாள் மனைவி. சொன்ன பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டாள்.

படத்தை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்று பக்கவிளைவு நாற்காலியை இழுத்துப் போட்டார். திரையில் சமையலறைக் கத்தி ஒன்று காணாமல் போயிருந்தது. யார் எடுத்தது என்று தெரியாமல் அவரால் எப்படி நிறுத்த முடியும்? சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, முழுப் படத்தையும் பார்த்து முடித்தார். அவள் கண் விழித்ததும், "பல் டாக்டர்தான் கொலைகாரன். நீ அவனைச் சந்தேகப்பட்டியா?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

தலையணை பறந்து வந்தது. அவர் குனியவில்லை. இரண்டு கையையும் விரித்து மானிட்டருக்கு முன்னால் நின்றார்.