ரெண்டு டேப் அகலம்

அளவு நாடாவின் ஒரு முனையை எங்கள் வீட்டுச் சுவரோரம் கல்லை வைத்து அழுத்திவிட்டு, மறுமுனையோடு சந்தின் குறுக்கே குந்தியபடியே நகர்கிறார் தையல்காரர். நாடா அறுபது இன்ச்சில் முடிந்துவிடும். அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு, அதிலிருந்து மறுபடி நாடா. எதிர்ச் சுவரைத் தொட்டதும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்கிறார். "ஒரு டேப்பு, இருபத்தினாலு இன்ச்சு. ஏழடிதான்." நேற்றும் ஏழடிதான், போன வருடமும் ஏழடிதான். சந்து என்ன, வளரும் பிள்ளையா?

சந்தில் அவருக்குப் பெயரே 'டேப்பு'தான். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷின். அதன் முன்னால் போய் நின்றால் போதும், நம் குட்டு உடைந்துவிடும். "வயிறு ரெண்டு இன்ச் ஏறியிருக்கே சார், வீட்ல கவனிப்பு பலமோ?" என்பார், என் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே. உதட்டில் எப்போதும் நாலு குண்டூசி. எதைக் கேட்டாலும் நாலும் துணியில் ஏறிய பிறகுதான் பதில் வரும்.

துணியை வெட்டத் தயங்கும் தையல்காரரை நான் இவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். என் மகளின் பள்ளிச் சீருடைக்குள் மூன்று வருடத்து வளர்த்தியை மடித்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துக்கொண்டோம். "வெட்டிட்டா போச்சு. மடிச்சு உள்ள வச்சா என்னைக்காவது ஒதவும்" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு நண்பகலில், அவர் மனைவிக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் சந்து முனையிலேயே நின்றுவிட்டது. மர நாற்காலியில் அவளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். பின்கால் ஒன்றை நான் பிடித்திருந்தேன். அவருடைய அக்கா வீட்டு வாசற்படி துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நாற்காலி இடித்தது. சாய்த்து, திருப்பி, மறுபடி தூக்கி... வண்டியில் ஏற்றும்போது அவள் கை என் தோளில் சும்மா கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்த பின் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், நின்றிருந்த ஆம்புலன்ஸை அளந்திருக்கிறார். டிரைவர்கள், "என்ன அண்ணே, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று சிரித்தார்களாம். இவர் சிரிக்கவில்லை. "கண்ணாடியோட சேத்து ஒண்ணரை டேப்பு. கதவு திறக்க அரை டேப்பு. ரெண்டு டேப்பு இருந்தாப் போதும் சார், அவ பொழச்சிருப்பா." ரெண்டு டேப் என்றால் பத்தடி. சந்துக்கு வேண்டியது இன்னும் மூன்றே அடி.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்கு மாஸ்டர் பிளான் போடுகிறோம், மக்களே வந்து சொல்லுங்கள் என்று திட்ட அலுவலகம் கூட்டம் கூட்டியது. பள்ளிக்கூட ஹாலில் நாலு கூட்டம். 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று நாங்கள் வீட்டில் கிடந்தோம். இவர்தான் ஒவ்வொரு கதவாகத் தட்டி இழுத்துப் போனார். எதிர் வரிசையில் இருக்கும் அவருடைய அக்காவைக் கடைசியாகக் கேட்டார். வாசற்படியும் பூத்தொட்டிகளும் போய்விடும் என்று தெரிந்தே அக்கா சொன்னார்: "மூணடிதானேடா? என் வாசப்படிதானே? எடுத்துக்கோ." தெருவை அகலப்படுத்தக் கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது. இரண்டாவது என்னுடையது.

கூட்டத்தில் ஓர் இளம் அதிகாரி ஒவ்வொருவர் ஆசையையும் மஞ்சள் சீட்டில் எழுதிப் பெரிய வரைபடத்தில் ஒட்டினாள். நல்ல பெண். இவர் நாற்காலி கதையைச் சொன்னபோது அவள் கண் கலங்கியது. ஒன்றும் விடாமல் கேட்டுவிட்டு நாலே வார்த்தை எழுதினாள்: 'தெருவை அகலப்படுத்த வேண்டும். அவசரம்.' "சரிதானே ஐயா?" என்றாள். "அதேதாம்மா" என்று கீழே கையெழுத்துப் போட்டார். சட்டைப் பொத்தானுக்குக்கூட இடைவெளி அளக்கிற மனிதர், அந்தச் சீட்டில் அளவு இல்லாததைக் கவனிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார், எப்படிக் கவனிப்பார்?

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எங்கள் பேச்சைக் கேட்டார்கள், அதுவும் இப்படி. அகலப்படுத்தும் தெரு எதுவானாலும் இருபத்தைந்து அடிக்குக் குறையக் கூடாது என்பது விதியாம். அச்சாகி வந்த படத்தில் எதிர் வரிசையே இல்லை. பக்கத்தில் 'குடியிருப்போர் கோரிக்கை' என்று கொட்டை எழுத்து. எங்கள் வரிசை தப்பியது. இவர் வீடும் தப்பியது. என் வீட்டு மதிப்பு ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள், எனக்கு அதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

ஆட்சேபணை கேட்கும் நாளில் அவரோடு நானும் போனேன். மேலதிகாரி அந்த மஞ்சள் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே? நீங்க கேட்டதைத்தானே செஞ்சிருக்கோம்?"

"ஆமா சார், நாந்தான் கேட்டேன். சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னா தையலைப் பிரிச்சுக் கொஞ்சம் விடணும் சார். நீங்க கைய வெட்டிட்டீங்களே." நாடாவைக் கழற்றி மேஜைமேல் நீட்டிக் காட்டினார். "ரெண்டு தடவை இது. அவ்வளவுதான் சார் கேட்டேன்." அதிகாரி நாடாவை மெல்லச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எட்டு மாதமாக அக்கா இவரோடு பேசுவதில்லை. ஆனால் மனைவி போனதிலிருந்து தினமும் கொண்டுவரும் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நிற்கவில்லை. மதியம் வருவார், மெஷின் பக்கத்தில் வைப்பார், முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். "கோவத்துல உப்பைக் கூட்டிப் போடலாம்ல? அதுவும் சரியாத்தான் இருக்கு சார்" என்றார் இவர் ஒருநாள். சொல்லிவிட்டுத் தூக்கைத் திறந்து வைத்தபடியே வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இன்னும் தினமும் சந்தின் அகலத்தை அளக்கிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் தூக்கோடு அக்கா ஒரு திரைச்சீலையையும் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு முன்னறை ஜன்னலில் தரையைத் தொட்டுத் தொங்கிக்கொண்டிருந்த நீலத் திரை. இவர் தைத்ததுதான். இடிபடப் போகும் வீட்டுக்கு மாற்றிடமாக அக்காவுக்குக் கொடுத்திருக்கும் மூன்றாம் மாடி ஒற்றை அறையின் ஜன்னல் அதில் பாதிதான். துணியில் ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது. எட்டு மாதத்தில் அக்கா அவரிடம் சொன்ன முதல் வார்த்தைகள்: 'நாப்பத்திரெண்டு இன்ச். மீதியை வெட்டிடு.'

அவர் திரையைப் பலகையில் விரித்தார். நாற்பத்திரண்டு அளந்து கோடு போட்டார். கத்தரிக்கோலை எடுத்தார், கோட்டில் வைத்தார், அப்படியே நின்றார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முழு நீளத்தையும் தொங்கவிட இனி எந்த ஜன்னலும் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத் துணியை உள்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து, ஒரே இழுப்பில் பிரிந்துவரும்படி எட்ட எட்டக் கையாலேயே தைக்க ஆரம்பித்தார்.