யாரும் பறிக்காத பூச்செடி வேண்டும்

சென்ற கோடையில் என் செம்பருத்திப் பூக்கள் ஒரு நாள்கூட வெயிலைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ராஜம் விடிவதற்குள் பறித்துவிடுவாள். கேட்டால், "சாமிக்குத்தானே பெரியம்மா?" என்பாள்.

தோழிகளே, நாம் படித்த கான்வென்டில் பூவைத் தொட்டால் மதர் முழங்கால் போட வைப்பார். எங்கள் தெருவில் அப்படி ஒரு மதர் இல்லை.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் தலையில் பூ வைப்பதில்லை. செடியில் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். அதற்கும் போட்டியா?

அதனால் இன்று கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரத்துச் செடிக்காரரிடம் போனேன். "கோடை முழுக்கப் பூக்க வேண்டும். சாமிக்கும் கொண்டைக்கும் உதவக் கூடாது" என்றேன்.

இட்லிப்பூவைக் காட்டினார். அதை ராஜம் அம்மனுக்குப் பறிப்பாள். கனகாம்பரத்தைக் காட்டினார். அதை அவள் மகள்கள் விடமாட்டார்கள்.

"எதுக்கும் ஆவாத பூ எதுக்கும்மா ஒங்களுக்கு?"

"பார்ப்பதற்கு."

என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுக் காகிதப்பூச் செடி ஒன்றை எடுத்து வந்தார். "சாமிக்கும் ஆவாது, தலையிலயும் நிக்காது. வெயில் ஏற ஏறப் பூக்கும். முள்ளு ஜாஸ்தி, பாத்துப் புடிங்க."

முள் என்றதும் என் மனம் குளிர்ந்தது.

செடியை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தேன். வாசலிலேயே ராஜம்.

"அட, காகிதப்பூ! சின்னவ பள்ளிக்கூட விழாவுக்கு வளைவு கட்ட இதத்தான் தேடிக்கிட்டிருந்தோம். பூக்கட்டும் பெரியம்மா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே கத்தரி கொண்டாறேன்."

குழி இன்னும் வெட்டவில்லை. உண்மையிலேயே ஒன்றுக்கும் உதவாத பூ உங்களுக்குத் தெரிந்தால் உடனே ஒரு கார்டு போடுங்கள். ஆனால் கவரில் போடுங்கள். எங்கள் தெருவில் தபாலை ராஜம்தான் வாங்கி வைக்கிறாள்.