ஓய்வு என்று எழுதியிருந்த கட்டங்கள்

பேனாவை எடுத்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்து, பாதி மலையாளம் கலந்த தமிழைப் பேசிக்கொண்டிருப்பவள். நாலு பேர் நடுவில் யாராவது பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். இப்படிப்பட்டவள் தன் வீட்டுக் கதையை அடுத்தவர் படிப்பதற்காக எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் என் மகளுக்கு நான் செய்ததை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. கையால் முடிகிறதா என்று பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாகச் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். தரையில் கோணி விரித்து உட்கார்ந்து, பெரிய சுக்கு, சின்னச் சுக்கு, பூச்சி அரித்தது என்று பிரித்துப் போட வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் புதிதாக வருகிறவளை உடனே உட்கார விடமாட்டோம். முதல் பத்து நாள் அவள் முற்றத்தில் நிற்க வேண்டும். சுண்ணாம்பு நீரில் நனைத்துக் காயப்போட்ட சுக்கை வெயிலில் நடந்து நடந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் நாள் கால் வீங்கும். அழுவாள். யாரும் இரங்க மாட்டோம். வலிக்கு உட்கார இடம் கொடுக்காவிட்டால் அது தானாகப் போய்விடும் என்பது எங்கள் கிடங்கின் நம்பிக்கை. பதினோராம் நாள் பெரியக்கா ஒரு கோணியை எடுத்து அவள் பக்கம் தள்ளுவாள். அதற்குப் பிறகு அவள் எங்களில் ஒருத்தி. பெரியக்கா என்பவள் கிடங்கில் எல்லோருக்கும் மூத்தவள். தென்காசிப் பக்கமிருந்து வந்தவள். எனக்கும் கோணி தள்ளியது அவள்தான்.

என் ஒரே மகளுக்கு ராணுவத்தில் இடம் கிடைத்தது. பரீட்சையும் ஓட்டமும் தாண்டுதலும் எல்லாம் தேறிவிட்டாள். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் பயிற்சி முகாமில் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. சேரும் அன்று மறுபடி உடம்பைப் பரிசோதிப்பார்கள். அடுத்த தேர்வு வரும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தடவை போனால்தான் உண்டு.

அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பி.டி. டீச்சர் ஒரு பைசா வாங்காமல் அவளுக்கு உதவினார். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு பெரிய தாளில் ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்டு மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் ஓட்டம். மறுநாள் தண்டால், குந்தி எழுவது. அப்புறம் ஒருநாள் விஸ்ரமம், அதாவது ஓய்வு. வாரத்தில் இரண்டு கட்டத்தில் விஸ்ரமம் என்றே இருந்தது. ஓட்டத்தின் தூரமும் வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகத்தான் கூடியது. ரயில் ஏறுவதற்கு முந்தைய வாரம் பார்த்தால் எல்லாமே பாதியாகக் குறைந்திருந்தது.

நான் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றதை டீச்சர் கவனித்திருக்க வேண்டும். அவர் மலையாளத்தில் சொன்னது இதுதான்: “ஓடும்போது உடம்பு தேயுது சேச்சி. ஓய்வுலதான் அது பலப்படுது. அங்கே முகாம்ல உடைக்கிறதுக்கு ஆள் இருக்காங்க. நீங்க இங்கேயே உடைச்சு அனுப்பாதீங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மகளிடம், சதை பரவலாக வலித்தால் பயமில்லை, எலும்பில் ஒரே இடத்தில் குத்தினால் அன்றைக்கே நிறுத்தித் தன்னிடம் வர வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் நான்.

கிடங்கில் விஷயம் தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“எடீ, உம் மகளா? அந்தக் கொக்குக் காலை வெச்சுக்கிட்டா?”

“துப்பாக்கியை அவ தூக்குவாளா, துப்பாக்கி அவளைத் தூக்குமா?”

“வாரத்துல ரெண்டு நாள் லீவாமே ஓட்டத்துக்கு. பட்டாளத்துல சாயாவும் பழம்பொரியும் கட்டில்ல கொண்டுவந்து தருவாங்களாக்கும்!”

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுக்கைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “மூணாம் நாள் திரும்பி வந்துருவா. ஒரு கோணி எடுத்து வைக்கட்டா?”

கிடங்கே சிரித்தது. எனக்குப் பதில் வந்தது. பல பதில்கள் வந்தன. இருபத்திரண்டு வருடமாக அவர்களுக்கு நான் ஒரு பதிலும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். தாளைப் பார்த்தேன். அன்றைய கட்டத்தில் விஸ்ரமம்.

“எந்திரி” என்றேன்.

“இன்னிக்கு ரெஸ்ட் அம்மா.”

“அங்கே போய் ரெஸ்ட்டுன்னு சொல்லிப் பாரு. எந்திரி.”

பென்சில் எடுத்து விஸ்ரமம் என்ற சொல்லை அடித்தேன். அதன் மேல் தமிழில் ஓட்டம் என்று எழுதினேன். அந்த வாரம் ஒன்று. அடுத்த வாரம் இரண்டையும் அடித்தேன். பிறகு எல்லா வாரத்தின் எல்லா ஓய்வையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். என் எழுத்து நன்றாகத்தான் இருந்தது. மகள் மலையாளம் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் சீக்கிரமே கூட்டாமல் வாசிக்கப் பழகிவிட்டாள்.

வாரம் ஒருமுறை டீச்சரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் நிறுத்தினேன். “அவங்களுக்கு என்ன தெரியும், மூணு வேளையும் சோறு கிடைச்ச வீட்டுப் பொண்ணு” என்றேன். டீச்சரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

விடிந்ததும் லாரிகள் வருவதற்கு முன் கிடங்குகள் இருக்கும் தெரு காலியாக இருக்கும். ஒரு முனையில் படகுத்துறை. மறு முனையில் அரிசி மண்டி. மண்டியிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து மண்டிக்கு என்று அவளை ஓடவிட்டேன். கல்லும் சிமெண்டும் உள்ள தெரு. டீச்சர் சொன்னது மைதானத்தின் மண்ணில். மைதானம் தூரம், போய்வர நேரமாகும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டியும் விட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது. துறையில் முதல் படகுக்கு நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் நின்றேன்.

மூன்றாவது வாரம் முடியும்போது சொன்னாள்: “அம்மா, கணுக்காலுக்கு மேல ஒரே எடத்துல குத்துது.”

“குத்தட்டும்.”

“டீச்சர் சொன்னாங்கல்ல, ஒரே எடத்துல குத்தினா...”

“அதுக்கு உட்கார இடம் குடுத்தீன்னா அங்கேயே குடியிருக்கும். ஓடு.”

இரவில் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டு இறுகக் கட்டினேன். அதைச் செய்தபோது என் கை மென்மையாகத்தான் இருந்தது. காலையில் கட்டை அவிழ்த்து ஓட அனுப்பினேன்.

என் கணவர் கலூரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறார். முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருகிறவர். விடுமுறை நாள் ஒன்றில் அவள் படி இறங்குவதைப் பார்த்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள்.

“அந்தக் காலைப் பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா?” அவர் என் முகத்தைப் பார்த்தார். “எனக்கே உன்னைக் கண்டா பேடியா இருக்குடீ.”

பயமாக இருக்கிறதாம். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுவது அதுவே முதல் தடவை. வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் வெட்கப்படவில்லை.

நாலாவது வாரத்தில் ஒரு காலை, பத்தாவது தடவை ஓடி வரும்போது அவள் பூட்டியிருந்த ஒரு கிடங்கின் படியில் உட்கார்ந்துவிட்டாள். “வய்யம்மா. எனக்கு வய்ய.” முடியவில்லை என்றாள். முகம் வெளுத்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது. அவள் கை நீட்டினாள்.

நான் மூடியைத் திறந்து தண்ணீரைத் தெருவில் ஊற்றினேன். முழுவதையும். அவசரப்படாமல்.

“உட்கார்ந்தவளுக்குத் தண்ணி கிடையாது.”

அவள் ஈரமான கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள். இன்னும் ஆறு தடவை ஓடினாள்.

அன்று கிடங்கில் நானாக வாயைத் திறந்தேன். “எம் மக இன்னிக்குப் பதினாறு தடவை ஓடினா. முதுகுல அரிசியோட.” யாரும் சிரிக்கவில்லை. கைகள் நின்றுவிட்டன. பெரியக்கா நிமிர்ந்தாள்.

“கால் வீங்கலையா?”

“இல்லையே” என்றேன்.

பொய். ஆனால் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து இதை எழுதினால் எழுதியதே வீண். மகள் தெருவில் பட்ட வேதனை எனக்குக் கிடங்கில் ஒருநாள் தலை நிமிர்ந்து உட்காரப் பயன்பட்டது. அவ்வளவுதான் கணக்கு.

ரயிலுக்கு ஆறு நாள் இருந்தது. டீச்சரின் தாளில் எல்லாம் பாதியாகக் குறையும் வாரம். நான் இரண்டு மடங்காக ஓடவிட்டேன். மண்டிக்கு முன்னால் அவள் திடீரென்று நின்றாள். விழவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலைத் தரையில் வைக்கப் பார்த்தாள். வைக்க முடியவில்லை.

“நடிக்காதே” என்றேன்.

அவள் ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி என்னிடம் வந்தாள். பாதித் தெருவை அப்படியே கடந்தாள். நான் ஓரடி முன்னால் போகவில்லை. அவள் அழவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. முதல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இது ஒருநாளில் வந்தது அல்ல, வாரக்கணக்கில் வலித்திருக்கும், யார் இவளை ஓடச் சொன்னது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். மகள், “நான்தான் ஓடினேன்” என்றாள். அது உண்மைதான். கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள்.

அதே ஆறு வாரம். அந்தத் தாளில் இருந்த அளவு.

ரயில் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்தார். மகள்தான் போன் செய்து சொல்லியிருந்தாள். டீச்சர் ஏற்கெனவே ராணுவ அலுவலகத்துக்குப் பேசிப் பார்த்திருந்தார். கட்டுப்போட்ட காலோடு சேர்க்க மாட்டார்கள், அவளுக்காகத் தேதியை மாற்றவும் மாட்டார்கள். சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பக்கத்தில் போனார். தன் எழுத்தின் மேல் பென்சில் கோடுகளைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

“இது என்ன எழுதியிருக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்லக்கூட என்னால் முடியவில்லை. டீச்சர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்தார். கட்டிலில் இருந்து மகள் வாசித்தாள்.

“ஓட்டம்.”

விரல் நகர்ந்தது.

“ஓட்டம்.”

“இது?”

“ஓட்டம். எல்லாம் அதுதான் டீச்சர். இனி விரல் வெக்க வேண்டாம்.”

மலையாளத்திலும் ஓட்டம் என்றால் ஓட்டம்தான். டீச்சர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். “சேச்சி, ஓடுறது அவளுக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லிக் கொடுத்தது இதை மட்டும்தான்” என்று அடித்துப் போட்ட ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். சாயா போட்டு வைத்திருந்தேன். குடிக்காமல் போனார்.

அவர் போன பிறகு நான் அடுப்படியில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. கடையில் விலை கேட்பது போல இருந்தது.

“அம்மா, நான் உக்காந்துதான் இருக்கேன். தண்ணி கிடைக்குமா?”

செம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் தரையில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்குக் கிடங்குக்குப் போனேன். பெரியக்கா சொன்னபடியே என் கோணிக்குப் பக்கத்தில் இன்னொரு கோணி விரித்திருந்தது. நான் என் கோணியில் உட்கார்ந்தேன். அன்று இரண்டு லாரி சுக்கு வந்தது.